மறுக்கத் தெரிந்த அதிகாரி வேண்டும்

காப்புரிமை அலுவலகம் ஒரு விண்ணப்பத்தை நிராகரித்தால் அது செய்தியாவதில்லை. காப்புரிமைகளை அள்ளிக் கொடுத்தால்தான் செய்தி. 2022-23இல் இந்தியா வழங்கிய காப்புரிமைகள் சுமார் 34 ஆயிரம். அடுத்த ஆண்டே அந்த எண் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அரசு அதைச் சாதனையாக அறிவித்தது. பத்திரிகைகளும் அப்படியே எழுதின. அதே ஆண்டில் எத்தனை விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டன, மறுக்க வேண்டியவைதான் மறுக்கப்பட்டனவா, கொடுக்கக் கூடாத எதையாவது கொடுத்துவிட்டோமா என்று கேட்டவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை.

நான் வேதியியல் படித்துவிட்டு, காப்புரிமை முகவர் தேர்வு எழுதி, சென்னையில் அந்தத் தொழிலைச் செய்பவள். கண்டுபிடித்தவர்களுக்காக விண்ணப்பம் எழுதுவதும், கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகம் எழுப்பும் ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்வதும் என் வேலை. நிராகரிப்பு வரக் கூடாது என்பதற்காகத்தான் என்னிடம் வருகிறவர்கள் எனக்குக் கட்டணம் தருகிறார்கள். ஆனாலும் சொல்கிறேன்: காரணம் சொல்லி மறுக்கத் தெரிந்த அதிகாரிதான் இந்த அமைப்பின் முதுகெலும்பு. அவருடைய கையைத்தான் நாம் பலவீனமாக்கிக்கொண்டிருக்கிறோம்.

அவர் என்ன செய்கிறார் என்பதே பலருக்குத் தெரியாது. பொள்ளாச்சியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், தேங்காய் மட்டை உரிக்கும் கருவி ஒன்றைச் செய்து, தானே விண்ணப்பமும் எழுதிப் போட்டிருந்தார். அலுவலகத்தின் ஆட்சேபங்கள் அடங்கிய முதல் ஆய்வறிக்கை வந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "என் மிஷினைப் பாக்காமயே வேண்டாம்னுட்டாங்களேங்க மேடம்" என்றார். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. "அவங்க மிஷினைப் பாக்க மாட்டாங்கண்ணா. நீங்க எழுதிக் கொடுத்த வாக்கியத்தைத்தான் பாப்பாங்க" என்றேன்.

உண்மை அதுதான். விண்ணப்பத்தில் பக்கம் பக்கமாக விளக்கம் இருக்கலாம், படங்கள் இருக்கலாம். உரிமை கிடைப்பது கடைசியில் எண்ணிட்டு எழுதப்படும் உரிமைக்கோரல்களுக்கு மட்டும்தான். 'க்ளெய்ம்' என்று நாங்கள் சொல்வது அதைத்தான். பொள்ளாச்சிக்காரர் தன் முதல் கோரலில் எழுதியிருந்தது இவ்வளவே: ஒரு பீடம், அதன் மேல் இரண்டு கத்திகள், கத்திகளை விரிக்க ஒரு நெம்புகோல். ஆய்வு அதிகாரி அந்த வாக்கியத்தை அதன் சொற்கள் அனுமதிக்கும் அளவுக்கு அகலமாகவே படித்தார். அப்படிப் படிப்பதுதான் முறை. ஏனென்றால் நாளைக்கு உரிமை கிடைத்துவிட்டால், அதே அகலத்தைக் காட்டித்தான் அடுத்த பட்டறைக்காரருக்கு நோட்டீஸ் போகும். பீடமும் இரண்டு கத்திகளும் நெம்புகோலும் கொண்ட பழைய வெளிநாட்டு ஆவணம் ஒன்றைத் தேடியெடுத்து, 'டி1' என்று குறித்து, இது புதிதல்ல என்று எழுதிவிட்டார்.

பொள்ளாச்சிக்காரர் செய்ததில் புதுமை இருந்தது. தேங்காயின் பருமனுக்கு ஏற்பக் கத்தியின் சாய்வு தானாக மாறும்படி கீழே 'கேம்' என்ற இயந்திர உறுப்பைப் பொருத்தியிருந்தார். விளக்கத்தின் நடுவே ஒரு பத்தியில் அது இருந்தது, கோரலில் இல்லை. பதில் கொடுக்க ஆறு மாத அவகாசம் உண்டு. அதற்குள் அந்த கேமை முதல் கோரலுக்குள் கொண்டுவந்து திருத்தினோம். திருத்தம் என்றால் கோரலைச் சுருக்கலாமே தவிர விரிக்க முடியாது. விண்ணப்பித்த நாளில் எழுதாத எதையும் புதிதாக உள்ளே நுழைக்கவும் முடியாது. நல்லவேளையாக அந்தப் பத்தி இருந்தது. காப்புரிமை கிடைத்தது. நெம்புகோல் வைத்து மட்டை உரிக்கும் மற்ற பட்டறைக்காரர்கள் யாருக்கும் அதனால் ஒரு தொல்லையும் இல்லை. அந்த ஆட்சேபம் வராமல் போயிருந்தால் அவர்கள் எல்லோரும் இவருக்குக் கட்டுப்பட்டிருப்பார்கள்.

பட்டறைக் கருவியில் இது சிறு விஷயமாகத் தெரியலாம். மருந்தில் இது உயிர் விஷயம். ரத்தப் புற்றுநோய்க்கான 'கிளிவெக்' மருந்து தொடர்பாக நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் விண்ணப்பித்தது இதே சென்னை அலுவலகத்தில்தான். கேட்டது, இமாடினிப் மெசிலேட் என்ற உப்பின் 'பீட்டா' படிக வடிவத்துக்கு. அப்போது இந்தியாவில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது என்பதால் விண்ணப்பம் காத்திருந்து, 2005இல் சட்டம் மாறிய பிறகு ஆய்வுக்கு வந்தது. நோயாளிகளுக்காக இயங்கும் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் சில இந்திய மருந்து நிறுவனங்களும் எதிர்ப்பு மனு கொடுத்தன. 2006 ஜனவரியில் உதவிக் கட்டுப்பாட்டாளர் விண்ணப்பத்தை நிராகரித்தார். அப்போது கிளிவெக்கின் விலை மாதம் சுமார் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்; இந்திய நிறுவனங்களின் மாத்திரை பத்தாயிரத்துக்குள். அந்த ஒரு கையெழுத்தின் எடை எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் அந்த நிராகரிப்பு இரக்கத்தால் எழுதப்பட்டதல்ல. அதனால்தான் அது நின்றது. அசலான இமாடினிப் மூலக்கூறுக்கு 1996இல் அமெரிக்காவில் சிம்மர்மான் பெயரில் காப்புரிமை வழங்கப்பட்டிருந்தது. அதில் இமாடினிப்பும், அதன் உப்புகளும் கோரப்பட்டிருந்தன. அப்படியானால் மெசிலேட் உப்பு பழையதா, புதியதா? பழைய காப்புரிமையின் எல்லைக்குள் அது வரலாம், ஆனால் அதில் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை என்று நிறுவனம் வாதிட்டது. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று கொடுத்த தீர்ப்பில், நீதிபதிகள் அஃப்தாப் ஆலமும் ரஞ்சனா பிரகாஷ் தேசாயும் இந்த வாதத்தை விரிவாக அலசினார்கள். அமெரிக்காவில் மருந்துக்கு ஒப்புதல் கேட்டபோது, அது சிம்மர்மான் காப்புரிமைக்குள் அடங்கியது என்று நிறுவனமே எழுதிக் கொடுத்திருக்கிறது. இந்திய நிறுவனமான நாட்கோவின் மாத்திரை பிரிட்டனில் விற்கப்படுவதைத் தடுக்க, அதே பழைய காப்புரிமையைக் காட்டி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. விற்கும்போது ஓர் அளவு, வரி கட்டும்போது ஓர் அளவு என்று ஒரே நிலத்துக்கு இரண்டு அளவு காட்ட முடியாது. தடுப்பதற்கு எவ்வளவு அகலமோ, புதுமையைச் சோதிக்கவும் அவ்வளவு அகலம்தான். இந்தத் தீர்ப்பின் இந்தப் பகுதியை எங்கள் தொழிலுக்கு வரும் ஒவ்வொரு இளைஞரும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மிச்சமிருந்தது படிக வடிவம். அது நன்றாகப் பாயும், ஈரத்தைக் குறைவாக இழுக்கும், வெப்பத்தில் நிலைத்து நிற்கும் என்றது நிறுவனம். உடலில் சேர்வது 30 சதவீதம் கூடுகிறது என்றும் சொன்னது. நம் சட்டத்தின் 3(டி) பிரிவோ, தெரிந்த ஒரு பொருளின் புதிய வடிவம் பலனில் மேம்பட்டிருந்தால்தான் கண்டுபிடிப்பு என்கிறது. மருந்தில் பலன் என்றால் நோயைக் குணப்படுத்தும் பலன் என்றது நீதிமன்றம். நன்றாகப் பாய்வதும் ஈரம் இழுக்காததும் தயாரிப்பாளருக்கு வசதி. அவற்றால் நோய் குறையாது. உடலில் கூடுதலாகச் சேர்வதும் அந்தப் பலனைக் கூட்டுகிறது என்று தரவுகளோடு காட்டியாக வேண்டும். அப்படிக் காட்டப்படவில்லை. ஏழாண்டு வழக்குக்குப் பிறகு, சென்னை அதிகாரி மறுத்த அந்தக் கோரல் மறுக்கப்பட்டதாகவே முடிந்தது. 3(டி) பிரிவே அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று நிறுவனம் தொடுத்த தனி வழக்கை 2007இல் தள்ளுபடி செய்ததும் சென்னை உயர் நீதிமன்றம்தான்.

மறுக்க வேண்டியதை மறுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நமக்கு அனுபவம் உண்டு. 1995இல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம், காயத்துக்கு மஞ்சள்தூள் வைத்துக் குணப்படுத்தும் முறைக்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு உரிமை கொடுத்தது. அங்கிருந்த ஆய்வு அதிகாரியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆய்வு அதிகாரியால் எழுத்தில் இருப்பதை வைத்துத்தான் மறுக்க முடியும்; அவர் கைக்கு எட்டிய ஆவணங்களில் நம் பாட்டிமார் இல்லை. நம் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் கவுன்சில் பழைய நூல்களையும், இந்திய மருத்துவச் சங்க இதழில் 1953இல் வந்த கட்டுரையையும் எடுத்துக் கொடுத்த பிறகு, 1997இல் அந்தக் கோரல்கள் ரத்தாயின. 2001இல் தொடங்கிய மரபறிவு மின்நூலகம் இந்தப் பாடத்தில் பிறந்தது. நம் சித்த மருத்துவ நூல்களின் செய்முறைகளும் அதில் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பானியம், ஸ்பானிய மொழிகளில் ஏறியிருக்கின்றன. வெளிநாட்டு அதிகாரியும் இன்று அதைப் பார்த்து மறுக்கலாம்.

இவ்வளவு சொல்வதால், நம் அலுவலகத்தின் நிராகரிப்புகள் எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. மோசமான ஆணைகள் என் மேசைக்கே வருகின்றன. நான் பத்துப் பக்கம் பதில் எழுதியிருப்பேன், விசாரணையில் நேரில் வாதாடியிருப்பேன், பதினைந்து நாளுக்குள் எழுத்துபூர்வமாகவும் கொடுத்திருப்பேன். ஆணையில் முதல் ஆய்வறிக்கையின் பத்திகளே எழுத்துப் பிசகாமல் மறுபடி இருக்கும். டி1இல் பாதி, டி2இல் கொஞ்சம், டி3இல் மிச்சம் என்று தைத்து, "துறையில் கைதேர்ந்தவருக்கு இது எளிதில் தோன்றியிருக்கும்" என்று ஒரு வரியில் முடிந்துவிடும். ஏன் தோன்றும்? அந்த மூன்று ஆவணங்களையும் ஒன்றாகச் சேர்க்க அந்தக் கைதேர்ந்தவரைத் தூண்டியது எது? விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுவது ஆய்வாகாது.

டெல்லி உயர் நீதிமன்றம் 2022இல் அக்ரிபோர்டு இன்டர்நேஷனல் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. முந்தைய ஆவணத்தில் இருப்பது என்ன, இந்த விண்ணப்பத்தில் இருப்பது என்ன, முதலாவதிலிருந்து இரண்டாவது எப்படி எளிதில் தோன்றும் என்று மூன்றையும் அதிகாரி ஆராய்ந்து எழுத வேண்டும். அதற்குப் பிறகும் காரணமில்லாத ஆணைகளை உயர் நீதிமன்றங்கள் ரத்துசெய்து மறுஆய்வுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டேதான் இருக்கின்றன. பெரிய நிறுவனம் மேல்முறையீடு செய்யும். பொள்ளாச்சிப் பட்டறைக்காரர் உயர் நீதிமன்றத்துக்குப் போவாரா? காரணமில்லாத மறுப்பு முதலில் அழிப்பது சிறியவர்களைத்தான்.

அதிகாரிகளுக்கு நேரமில்லை என்பதை நான் அறிவேன். அவர்கள் மேசையில் குவிவதில் ஒரு பகுதி நம் கல்லூரிகள் அனுப்புவது. தேசியத் தரவரிசையில் காப்புரிமைக்கு மதிப்பெண் உண்டு. விண்ணப்பம் காப்புரிமை இதழில் வெளியானாலே கணக்கில் சேரும். 2021இல் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணம் 80 சதவீதம் குறைக்கப்பட்டது. நல்ல நோக்கம்தான். ஆனால் பேராசிரியர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து பெயர் போட்டு, இதழில் வெளியானதும் சுவரில் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, ஆய்வறிக்கைக்குப் பதிலே அனுப்பாமல் விட்டுவிடும் விண்ணப்பங்களை நான் பார்த்திருக்கிறேன். உண்மையான கண்டுபிடிப்பைப் படிக்க வேண்டிய கண்களை அவை தின்கின்றன.

நேரமில்லாத அதிகாரிக்கு உதவ நம் சட்டத்தில் ஓர் அருமையான வழி இருக்கிறது. உரிமை வழங்கப்படும் முன்பே எவர் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். கிளிவெக் வழக்கில் நடந்தது அதுதான். பெடாக்குவிலின் என்ற காசநோய் மருந்தின் உப்பு வடிவத்துக்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் கேட்ட உரிமையை எதிர்த்தவர்கள் மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் புமேஸா டிசிலேயும். இருவருமே காசநோயிலிருந்து மீண்டவர்கள், சிகிச்சையின் பக்கவிளைவால் செவித்திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கொடுத்திருந்தால் அந்த மருந்தின் மீதான ஏகபோகம் மேலும் நான்காண்டு நீண்டிருக்கும்.

அடுத்த ஆண்டே, 2024 மார்ச்சில் விதிகள் திருத்தப்பட்டன. அதுவரை கட்டணமே இல்லாத எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணம் வந்தது. மனு ஏற்கத்தக்கதா என்று கட்டுப்பாட்டாளர் முதலில் வடிகட்டும் ஏற்பாடும் வந்தது. உள்நோக்கத்தோடு தாமதப்படுத்தும் மனுக்கள் வருகின்றன என்று சொல்கிறார்கள். வருகின்றன, மறுக்கவில்லை. அவற்றுக்கு அபராதம் விதியுங்கள். வாசலில் கட்டணப் பெட்டி வைத்தால், பணத்துக்காகத் தாமதப்படுத்துகிறவர் கட்டிவிட்டுப் போவார். நோயாளிதான் வெளியே நிற்பார்.

அந்தக் கட்டணத்தையும் வடிகட்டலையும் மத்திய அரசு திரும்பப் பெற வேண்டும். ஆய்வு அதிகாரிகளை, முடித்த கோப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டு அல்ல, எழுதிய காரணங்களைக் கொண்டு மதிப்பிட வேண்டும். வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். விண்ணப்பம், ஆய்வறிக்கை, பதில், ஆணை எல்லாம் காப்புரிமை அலுவலக இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. உங்கள் தொழிலில் நெடுநாளாக இருக்கும் ஒன்றை யாராவது தனதென்று கேட்டிருந்தால், உங்களிடம் உள்ள பழைய கேட்லாக்கையோ நூலையோ பில்லையோ எடுத்து எதிர்ப்பு மனு கொடுங்கள். அதைச் செய்ய வழக்கறிஞராகவோ முகவராகவோ இருக்க வேண்டியதில்லை; 25(1) பிரிவு அந்த உரிமையை எவருக்கும் கொடுத்திருக்கிறது.