ஒரு துளையில் அடைந்த பெயிண்ட்



திரிகோணமலை என்றதும் நமக்குக் கோணேசர் கோயில்தான் நினைவுக்கு வரும். இரண்டாம் உலகப் போரில் அது பிரிட்டிஷ் நீர்மூழ்கிகளின் தளமும்கூட. அங்கிருந்து போன 'டாலிஹோ', 1944 ஜனவரி 11-ல் பினாங்கு அருகே 'குமா' என்ற ஜப்பானியப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. இது 'டி' வகுப்பு நீர்மூழ்கி. 1930-களின் நடுவில் வடிவமைக்கப்பட்டு, மொத்தம் 53 கட்டப்பட்ட வகுப்பு. நீளம் சுமார் 84 மீட்டர்.

வெற்றிக் கதை எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது இதே வகுப்பில் பிறந்த 'தெட்டிஸ்' கதை.

1939 ஜூன் 1. லிவர்பூல் விரிகுடாவில் சோதனை ஓட்டம். உள்ளே 103 பேர். கடற்படையினரோடு கப்பலைக் கட்டிய தொழிலாளர்களும் இருந்தார்கள். டார்பிடோ குழாயின் உள்கதவைத் திறக்குமுன், குழாயில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன டெஸ்ட் காக் உண்டு. திறந்தார்கள், தண்ணீர் வரவில்லை. குழாய் காலி என்று நினைத்தார்கள். உண்மையில் அந்த 5-ம் குழாயின் வெளிமூடி கடலுக்குத் திறந்து கிடந்தது. டெஸ்ட் காக்கின் துளையை எனாமல் பெயிண்ட் அடைத்திருந்தது! கதவைத் திறந்ததும் கடலே உள்ளே வந்தது. பிழைத்தவர்கள் 4 பேர். 99 பேர் மாண்டார்கள்.

துளையைக் குத்திப் பார்க்க ஒரு கம்பியும் இருந்ததாம். குத்திப் பார்க்கத்தான் ஆளில்லை.

பெயிண்ட் அடித்தவன் மேல் பழி போடுவது சுலபம். அதற்குப் பின் எத்தனை பேர் 'சரி' சொல்லியிருப்பார்கள்? ஒரே ஒரு துளையை நம்பிக் கதவு வைத்ததும் தவறுதானே? பிறகுதான், கதவு முதலில் கொஞ்சம் மட்டும் திறக்கும்படி கூடுதல் கொக்கி வைத்தார்கள். 99 உயிர் போன பிறகு!

காக்களூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்கு நான் பயிற்சிக்குப் போனேன். கையில் செக் ஷீட். "தம்பி, ஒண்ணொண்ணா பார்த்துக்கிட்டு இருந்தா லோடு எப்போ ஏறும்? டிக் போட்டுட்டு வா" என்றார் ஒருவர். நானும் போட்டேன். மறைக்கவில்லை.

என் அப்பா கைநாட்டு. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கையெழுத்துப் போடப் படித்தவன் நான். அந்தக் கையெழுத்தைப் பார்க்காத பொருளுக்கா விற்பது?

பயிற்சி மாணவர்களிடம் சரிபார்க்காத தாளில் டிக் கேட்கக் கூடாது என்று நம் சங்கம் கம்பெனிகளிடம் பேச வேண்டும். அதுவரை, "பார்த்துட்டுப் போடறேன் சார்" என்று சொல்லும் தைரியமாவது நமக்கு வரட்டும்!

— இயந்திரவியல் இறுதியாண்டு மாணவன்