தராசு முள் நகராத நாட்கள்

இரத்தத்தில் சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறது, நிறையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று டொக்டர் சொன்னபோது எங்கள் உம்மாவின் நிறை 84 கிலோ. சோற்றைக் குறைத்தார், பொரியலை விட்டார். மூன்று மாதத்தில் 78 கிலோவுக்கு வந்தார். வீடே மகிழ்ந்தது. பிறகு ஐந்து வாரம் தராசு முள் அசையவில்லை. உம்மா இராச் சாப்பாட்டை நிறுத்தினார். தலைசுற்றல் வந்தது, முள் மட்டும் நகரவில்லை. "என் உடம்புக்கு இவ்வளவுதான்" என்று எல்லாவற்றையும் கைவிட்டார். இரண்டு மாதத்தில் மூன்று கிலோ திரும்பி வந்தது.

உம்மாவைத் தோற்கடித்தது அந்தத் தேக்கம் அல்ல, தேக்கத்தைத் தோல்வி என்று நாங்கள் எல்லோரும் நம்பியதுதான் என்பது என் கருத்து.

முதல் வாரங்களில் விரைவாகக் குறைவதில் பெரும்பங்கு நீர். உடல் சேமித்து வைத்துள்ள கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது நீரும் போய்விடும். அத்துடன், 78 கிலோ உடலுக்கு 84 கிலோ உடலுக்குத் தேவையான அளவு சக்தி தேவையில்லை. அன்று நிறையைக் குறைத்த அதே சாப்பாடு இன்று நிறையைக் காக்க மட்டுமே போதுமாகிறது. தேக்கம் என்பது இந்தச் சமநிலைதான்.

இந்நேரத்தில் பட்டினி கிடந்தால் என்ன ஆகும்? 1944-45 இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற அறிஞர் 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரைவயிற்று உணவு கொடுத்து ஆராய்ந்தார். அவர்களின் நாடித்துடிப்பு தணிந்தது, உடல் குளிர்ந்தது, நினைவெல்லாம் உணவாகவே ஆனது. உடல் பஞ்சம் வந்துவிட்டதென்று எண்ணிச் செலவைச் சுருக்கிக்கொண்டது. தொலைக்காட்சிப் போட்டியொன்றில் மிக வேகமாக நிறை குறைத்த 14 பேரை ஆராய்ந்து 2016 இல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்களின் உடல் எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவிட்டது.

இன்னொரு செய்தியை எங்கள் வீட்டில் யாரும் அறிந்திருக்கவில்லை. நீரிழிவின் விளிம்பில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2002 இல் வந்தது. நிறையில் 7 வீதத்தைக் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்பவையே அங்கு வைக்கப்பட்ட இலக்குகள். அந்தப் பிரிவினருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 வீதம் குறைந்தது. உம்மா குறைத்த 6 கிலோ, 84 இல் 7 வீதத்துக்குச் சற்று மேல்! வெற்றிக் கோட்டைத் தாண்டி நின்றுகொண்டே அவர் தோற்றுவிட்டதாக அழுதார்.

அப்படியானால் தேக்கத்தில் என்ன செய்வது? முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். நாளைக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்றால் சுமார் 32 கிராம். உலக சுகாதார நிறுவனம் விரும்பத்தக்கதெனச் சொல்லும் 25 கிராமை அதுவே தாண்டிவிடுகிறது. ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி. சோற்றைக் குறைத்த கை இவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அடுத்து, தசையைக் காக்க மீன், முட்டை, பருப்பு, கடலை தட்டில் இருக்க வேண்டும். தண்ணீர் நிரப்பிய இரண்டு போத்தல்களைத் தூக்கி இறக்குவதும் பயிற்சிதான். கண்டி வாவியை ஒரு சுற்று வர மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். சுபஹ் தொழுதுவிட்டு வாரம் ஐந்து நாள் நடந்தால் 150 நிமிடம் தாராளமாக நிறையும். மலைச்சரிவில் வீடிருப்போருக்கு வாசற்படிகளே போதும். இவற்றுக்குப் பின்பும் களைப்போ வேறு தொல்லையோ இருந்தால் டொக்டரைக் காண வேண்டும்.

ஆனால் இது ஒருவர் தனியே சுமக்கும் சுமை அல்ல. வலீமா வீட்டில் "இன்னும் குறையல்லியே" என்று கேட்டுவிட்டு, அடுத்த நொடியே வட்டிலப்பத்தை முன்னால் தள்ளுகிறோம். ரமழானில் பகலெல்லாம் நோன்பிருந்துவிட்டு ரோல்ஸும் சமோசாவுமாய் நோன்பு திறக்கிறோம். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கே உணவுக்கு என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததை மேடையில் பேசுகிறோம், சஹனில் மறக்கிறோம்.

தோழியரே, இதை வாசித்துவிட்டு நீங்கள் சாப்பாட்டை விடத் தொடங்காதீர்கள். நம்முடையது வளரும் உடல். காலையில் வெறும் வயிற்றோடு வந்து கூட்டத்தில் மயங்கி விழுவது அழகும் அல்ல, ஆரோக்கியமும் அல்ல. நம்மால் செய்யக்கூடியது வேறு. வீட்டில் தேநீர் ஊற்றுவது பெரும்பாலும் நாம்தானே? சீனிக் கரண்டி நம் கையில்தான் இருக்கிறது.

உம்மா மீண்டும் தொடங்கியிருக்கிறார். இம்முறை நானும் கூட நடக்கிறேன். தராசில் ஏறுவது மாதம் ஒருமுறைதான். போன மாதமும் முள் நகரவில்லை. ஆனால் இரத்தச் சீனி இறங்கியிருந்தது, படியேறும்போது மூச்சு வாங்கவில்லை. சிறிதானாலும் தொடர்ந்து செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்று கற்றிருக்கிறோம். நாளை காலையும் வாவிக்கரைக்குப் போவோம், இன்ஷா அல்லாஹ்.