வைத்தியசாலையில் மொழிபெயர்த்த பிள்ளைகளுக்கு ஒரு படிப்பு

"வீட்டில் டொக்டருக்குப் படி என்கிறார்கள், எனக்குச் சட்டம்தான் பிடிக்கிறது" என்று எழுதும் தம்பி தங்கச்சிமாருக்கு என் பதில்: சுகாதாரச் சட்டத்தைப் பாருங்கள். வீட்டைச் சமாளிக்க இதைச் சொல்லவில்லை (அதற்கும் உதவும்தான்!). எங்கள் பிள்ளைகள் இதற்கு ஏற்கெனவே பாதி ஆயத்தம். பத்து வயதிலேயே அம்மா அப்பாவின் வைத்தியசாலைக் கடிதங்களை வாசித்து விளங்கப்படுத்தியவர்கள் நாங்கள்.

டெனிஷ் சுகாதாரச் சட்டப்படி, நோயாளிக்கு விளக்கம் கொடுத்து, அவர் சம்மதித்த பிறகுதான் சிகிச்சை. 15 வயதானால் நீங்களே உங்களுக்காகச் சம்மதம் சொல்லலாம். ஆனால் விளக்கம் எந்த மொழியில்? மூன்று வருடத்துக்கு மேல் இங்கே வசிப்பவர் வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளர் கேட்டால் கட்டணம் என்ற விதி 2018 யூலை 1 இல் நடைமுறைக்கு வந்தது. நோயினால் டெனிஷ் பேசும் ஆற்றலை இழந்தவருக்கு, வைத்தியர் எழுதிக் கொடுத்தால், விலக்கு உண்டு. எண்பதுகளில் வந்தவர்கள் இப்போது முதியவர்கள். மறதி நோய் வந்தால் பிந்திப் படித்த மொழிதான் முதலில் போகும். அந்த விலக்கு எத்தனை வீட்டில் தெரியும்? தெரியாததால்தான் இன்றைக்கும் பேரப்பிள்ளை பள்ளியை விட்டுவிட்டு அம்மம்மாவோடு போகிறது.

சில்க்போர்க்கிலிருந்து சட்டம் படிக்கப் பக்கத்தில் இருப்பது ஓகூஸ் பல்கலைக்கழகம். மூன்று வருடம் பச்சலர், இரண்டு வருடம் கண்டிடாட். கண்டிடாட்டில் சுகாதாரச் சட்டத்தை விருப்பப் பாடமாக எடுத்தால் போதும் என்று பலர் காத்திருக்கிறார்கள். அது பிந்திவிடும் என்பது என் கருத்து. முதல் மூன்று வருடத்தில் வரும் நிர்வாகச் சட்டம்தான் இதற்கு அத்திவாரம். "போரான பாடம்" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1987 இல் நீதி அமைச்சர் எரிக் நின் ஹான்சன் தமிழ் அகதிகளின் குடும்ப இணைப்பு விண்ணப்பங்களைக் கிடப்பில் போட வைத்தார். அது சட்டவிரோதம் என்று தெரியவந்து 1993 சனவரியில் ஷ்லூட்டர் அரசே பதவி விலகியது. அந்தப் போரான பாடம் எங்கள் குடும்பங்களின் கதை.

இழப்பீட்டுச் சட்டத்தையும் விடாதீர்கள். டென்மார்க்கில் வைத்தியர்மீது முறைப்பாடு வேறு, சிகிச்சையில் வந்த பாதிப்புக்கு இழப்பீடு வேறு. இரண்டும் இரண்டு அலுவலகங்கள். முறைப்பாட்டைத் தெரியவந்து 2 வருடத்துக்குள், எப்படியும் சம்பவம் நடந்து 5 வருடத்துக்குள் கொடுக்கவேண்டும். இழப்பீட்டுக்கு 3 வருடம், உச்சம் 10. இழப்பீடு பெற வைத்தியர் குற்றவாளி என்று நிரூபிக்கத் தேவையில்லை. 1992 இலிருந்து முறை அப்படித்தான். எங்கள் வீடுகளில் இரண்டுக்கும் ஒரே சொல், "கேஸ் போடுறது". "டொக்டர் நல்ல மனுசன், கேஸ் போடக்கூடாது" என்று இருந்தே இழப்பீட்டையும் கைவிடுகிறார்கள். டொக்டர் நல்ல மனுசனாகவே இருக்கட்டும், இழப்பீட்டை ஏன் விடவேண்டும்?

என் தொழில் ஐடி. அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு வேண்டுகோள்: நோயாளர் தரவு எப்படிச் சேர்கிறது, யார் பார்க்கலாம் என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். 2015 இல் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் சிபிஆர் இலக்கமும் சுகாதாரத் தகவலும் இருந்த இரண்டு சிடிகள், மறைகுறியாக்கம் இல்லாமல், தபாலில் போயின. புள்ளிவிவரத் திணைக்களத்துக்குப் போகவேண்டிய கடிதம் கொப்பன்ஹேகனில் சீன விசா அலுவலகத்தில் கொடுக்கப்பட்டது. நாடு முழுவதன் நோயும் ஒரு கடித உறைக்குள்! இப்படி ஒன்று நடந்தால் சட்டத்தரணி கேட்கவேண்டிய முதல் கேள்வி தொழில்நுட்பக் கேள்விதான். புரோகிராமர் ஆகத் தேவையில்லை, எங்களோடு கதைக்கத் தெரிந்தால் போதும்.

படிக்கும்போதே பகுதிநேர வேலை தேடுங்கள். நோயாளர் முறைப்பாட்டு அலுவலகம் ஓகூஸில்தான் இருக்கிறது. சில்க்போர்க் கொமூன், மத்திய யூலாந்துப் பிராந்திய நிர்வாகம் என்று கேட்டுப் பார்க்க இடங்கள் உண்டு. பெரிய சட்ட நிறுவனம் கிடைக்கவில்லை என்று கவலைப்பட வேண்டாம். முதியோர் பராமரிப்புப் பிரிவில் ஒரு வருடம் இருந்தால் சட்டம் எங்கே ஆட்களைத் தவறவிடுகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

முறைப்பாட்டு அலுவலகம் தன் தீர்ப்புகள் சிலவற்றைப் பெயர் நீக்கி இணையத்தில் போடுகிறது. வாரம் ஒன்று வாசித்து அம்மம்மாவுக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள். அவர் கேட்கும் கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லாவிட்டால், அதையே பச்சலர் ஆய்வுக்கு எடுங்கள்.