பாட்டுப் பெட்டி வாங்க யோசித்த ஊர்

உலகமே ஐபாட் பின்னால் ஓடிய ஆண்டுகளில் பெங்களூர் மட்டும் பர்ஸைத் திறக்கத் தயங்கியது. காரணம் விலை மட்டுமல்ல.

இந்தியாவில் ஐபாட் விற்க ஏற்ற ஊர் எது என்று 2005இல் யாரைக் கேட்டிருந்தாலும் பெங்களூர் என்றுதான் பதில் வந்திருக்கும். கை நிறையச் சம்பளம் வாங்கும் இளைஞர்கள், வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர், எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் ஒயிட்ஃபீல்டுக்கும் முடிவில்லாத பஸ் பயணம். பாட்டுக் கேட்கும் கருவிக்கு இதைவிடத் தோதான சந்தை எங்கே கிடைக்கும்?

2001 அக்டோபர் 23 அன்று ஆப்பிள் நிறுவனம் அறிமுகப்படுத்திய அந்தச் சின்னப் பெட்டி, 2007 ஏப்ரலுக்குள் உலகம் முழுவதும் 10 கோடி விற்றிருந்தது. ஆனால் பெங்களூரில் அது பெரும்பாலும் கடையில் வாங்கும் பொருளாக இல்லை. 'ஆன்சைட்' போன நண்பரோ, கலிபோர்னியாவிலிருந்து விடுமுறைக்கு வரும் மச்சானோ பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் பொருளாகவே இருந்தது. பிரிகேட் ரோட்டில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தவர்களே அதிகம்.

முதல் தடை விலை என்பதில் சந்தேகமில்லை. 2005 செப்டம்பரில் வந்த ஐபாட் நானோவின் ஆரம்ப விலை அமெரிக்காவில் 199 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 8,700 ரூபாய். இறக்குமதி வரி, விற்பனை வரி, கடைக்காரர் லாபம் எல்லாம் ஏறினால் இங்கே விலை இன்னும் கூடும். ஒரே பொருள் நியூயார்க்கில் மலிவு, நம்மூரில் கிராக்கி என்று தெரிந்துவிட்டால் நடுத்தர வர்க்கத்து மனசு லேசில் ஒப்புக்கொள்ளாது.

ஆனால் அதே ஊர்க்காரர்கள் அதைவிட அதிக விலை கொடுத்து செல்போன் வாங்கினார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவும் செய்தார்கள். ஆகவே பணம் இல்லாமல் தயங்கினார்கள் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

இரண்டாவது தடை பேட்டரி. அந்தக் காலத்து வாக்மேனில் செல் தீர்ந்தால் பெட்டிக்கடையில் இரண்டு பென்சில் செல் வாங்கிப் போட்டால் போதும். ஐபாடிலோ பேட்டரி உள்ளேயே பூட்டப்பட்டிருந்தது. சார்ஜ் செய்து செய்து அது களைத்துப்போனால் என்ன செய்வது? அமெரிக்காவிலேயே இந்தக் கேள்வி பெரிதாகி, 2003 நவம்பரில் 99 டாலருக்கு பேட்டரி மாற்றித்தரும் திட்டத்தை ஆப்பிள் கொண்டுவந்தது. பழைய மாடல்களின் பேட்டரி குறித்து வாடிக்கையாளர்கள் தொடர்ந்த வழக்கு, 50 டாலர் மதிப்புள்ள சலுகைச் சீட்டு, நீட்டித்த உத்தரவாதம் என்று 2005இல் சமரசமாக முடிந்தது. நியூயார்க்காரருக்கே இந்தப் பாடு என்றால், அங்கே வாங்கிய பெட்டியை ஜெயநகரில் வைத்துக்கொண்டிருப்பவர் யாரிடம் போவார்? எஸ்.பி. ரோட்டில் எதையும் பிரித்து மாட்டும் கைகள் உண்டு. ஆனால் பின்பக்கம் ஒரு திருகாணிகூட இல்லாத பெட்டியைப் பார்த்து அவர்களும் ஒரு நிமிஷம் யோசித்தார்கள்.

இதையெல்லாம்விட அடிப்படையான தடை ஒன்று இருந்தது. பாட்டு எங்கிருந்து வரும்?

ஐபாட் தனியாக ஓடும் வண்டி அல்ல. அதற்குப் பின்னால் ஐட்யூன்ஸ் என்ற மென்பொருளும், 2003 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவில் திறக்கப்பட்ட இணையப் பாட்டுக்கடையும் இருந்தன. அங்கே ஒரு டாலருக்கும் குறைவாகப் பாட்டு வாங்கி, வயரைச் செருகினால் பெட்டிக்குள் போய்விடும். அந்தக் கடை இந்தியாவில் திறந்தது 2012 டிசம்பரில். அதாவது ஐபாட் பிறந்து பதினோரு ஆண்டுகள் கழித்து. அதுவரை ஆப்பிள் இந்தியர்களுக்கு விற்றது அடுப்பை மட்டும்தான். அரிசிக்கு அவரவர் வழி பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வழி இல்லாமல் போகவில்லை. சி.டி. வாங்கி அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றலாம். நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகள் அடங்கிய எம்பி3 தட்டுகள் மெஜஸ்டிக் நடைபாதையில் குறைந்த விலைக்குக் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை உரிமை இல்லாத நகல்கள். நண்பரின் கம்ப்யூட்டரிலிருந்து எடுக்கலாம் என்றால் அங்கேதான் சிக்கல். வேறொரு கம்ப்யூட்டரில் ஐபாடைச் செருகினால், உள்ளே இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றட்டுமா என்று கேட்கும். பெட்டியிலிருந்து பாட்டை வெளியே எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பதும் சுலபமில்லை.

நம் ஊர்ப் பழக்கம் நேர் எதிரானது. எண்பதுகளில் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. ஒரு வெள்ளைத் தாளில் பிடித்த பாட்டுகளை வரிசையாக எழுதி, 60 அல்லது 90 நிமிடக் காலி கேசட்டோடு கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். அந்தக் கேசட் பக்கத்து வீட்டுக்குப் போகும், சித்தப்பா காருக்குப் போகும், கல்யாண வீட்டுக்குப் போகும், சில சமயம் திரும்பி வராமலே போகும். பெங்களூரில் குடியேறிய தமிழர்கள் ஊரிலிருந்து திரும்பும்போது முறுக்கோடு கேசட்டையும் கொண்டுவந்தார்கள். வாக்மேன் இந்த ஏற்பாட்டுக்குள் இடைஞ்சல் இல்லாமல் வந்து உட்கார்ந்தது. எந்தக் கேசட்டைப் போட்டாலும் பாடும். யாருடையது என்று கேட்காது.

அந்த வாக்மேனுக்கும் ஆரம்பத்தில் தயக்கம் இருந்தது. 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் 33,000 யென் விலையில் சோனி அதை வெளியிட்டபோது, பதிவு செய்யும் வசதி இல்லாத டேப்ரெக்கார்டரை யார் வாங்குவார்கள் என்று நிறுவனத்துக்குள்ளேயே கேள்வி எழுந்தது. ஒருவர் மட்டும் தனியாகக் கேட்பது மரியாதையாக இருக்காது என்று நினைத்த சோனி தலைவர் அகியோ மொரிட்டா, இரண்டு பேர் சேர்ந்து கேட்க இரண்டு ஹெட்போன் துளைகள் வைக்கச் செய்தார். பாட்டை இன்னொருவரோடு பங்குபோட்டுக்கொள்ளும் ஆசை நமக்கு மட்டும் உரியதல்ல.

பாட்டு கிடைத்த பிறகும் ஒரு தொல்லை காத்திருந்தது. ஐபாட் பாட்டுகளைப் 'பாடகர்', 'ஆல்பம்' என்று அடுக்கும். மேற்கத்திய இசைக்கு அது சரி. ஒரு தமிழ்ப் பாட்டைத் தேடுபவர் படத்தின் பெயரைச் சொல்லித் தேடுவார், இல்லாவிட்டால் இசையமைப்பாளரைச் சொல்லுவார், அதுவும் இல்லாவிட்டால் பாட்டின் முதல் வரி. கர்நாடக இசை ரசிகருக்கு ராகமும் கீர்த்தனையை இயற்றியவரும் வேண்டும். நகல் தட்டிலிருந்து ஏற்றிய பாட்டுகளில் இந்த விவரம் எதுவும் ஒழுங்காக இருக்காது. இளையராஜாவின் பெயரை ஆங்கில எழுத்தில் நான்கு விதமாக எழுதினால் பெட்டிக்குள் நான்கு இளையராஜாக்கள் இருப்பார்கள். எஸ்.பி.பி. தனியாகப் பாடியது ஓரிடம், ஜானகியோடு பாடியது வேறிடம். ஆயிரம் பாட்டுகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் ஆப்பிளின் முதல் விளம்பரம். அதில் வேண்டிய ஒரு பாட்டைத் தேடி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து பெயர் திருத்த வேண்டியிருந்தது.

இதற்கிடையே போட்டிக்காரர்கள் கதவைத் தட்டாமலே உள்ளே வந்துவிட்டார்கள். இந்தியாவின் முதல் தனியார் எஃப்.எம். வானொலியான ரேடியோ சிட்டி 2001 ஜூலை 3 அன்று பெங்களூரில்தான் ஒலிக்கத் தொடங்கியது; ஐபாட் பிறப்பதற்கு மூன்று மாதங்களுக்கும் மேல் முன்னதாகவே. காசு இல்லை, கம்ப்யூட்டர் வேண்டாம், பாட்டை வேறு யாரோ தேர்ந்தெடுத்துத் தருகிறார்கள். ஐபாடிலோ எஃப்.எம். கேட்கத் தனியாக ஒரு துணைக்கருவி வாங்க வேண்டியிருந்தது. 2009 செப்டம்பரில் வந்த நானோவில்தான் அது உள்ளேயே சேர்க்கப்பட்டது.

அடுத்த அடி செல்போனிலிருந்து விழுந்தது. 2005இல் சோனி எரிக்சன் 'வாக்மேன்' போன்களைக் கொண்டுவந்தது. நோக்கியா 'எக்ஸ்பிரஸ் மியூசிக்' வரிசையை இறக்கியது. நகம் அளவு மெமரி கார்டைக் கழற்றிக் கொடுத்தால், ரீசார்ஜ் கடைக்காரர் சில பத்து ரூபாய்க்குப் படம் படமாகப் பாட்டு ஏற்றிக் கொடுத்தார். பழைய ரெக்கார்டிங் சென்டர் வேறு வேஷத்தில் திரும்பி வந்தது. சட்டத்தின் கண்ணில் அது குற்றம். வாடிக்கையாளர் கண்ணில் அது வசதி. அதோடு, பாட்டுக்கு ஒன்று பேச்சுக்கு ஒன்று என்று இரண்டு கருவிகளைச் சுமக்க வேண்டிய அவசியமும் தீர்ந்தது.

சட்டப்படி பாட்டு விற்கும் முயற்சி பெங்களூரிலேயே நடக்காமல் இல்லை. இங்கே பிறந்து வளர்ந்த ஃபிளிப்கார்ட் நிறுவனம் 2012 பிப்ரவரியில் 'ஃப்ளைட்' என்ற பாட்டுக்கடையைத் திறந்தது. பூட்டு எதுவும் இல்லாத எம்பி3 பாட்டுகள். எந்தக் கருவியிலும் போட்டுக் கேட்கலாம். ஆனால் வாங்கத் தயாராக இருந்தவருக்கும் பணம் கட்டுவது பெரும்பாடாக இருந்தது. இணையத்தில் கார்டு உபயோகித்தால் கூடுதலாக ஒரு ரகசியச் சொல்லையும் கேட்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டிலிருந்து கட்டாயமாக்கியிருந்தது. பாதுகாப்புக்கு நல்லதுதான். பத்து ரூபாய்ப் பாட்டுக்கு வங்கிப் பக்கம் மூன்று முறை திறந்து மூடினால் பொறுமை போய்விடும். யு.பி.ஐ. வந்தது 2016இல்தான். ஃப்ளைட் பாட்டுக்கடை 2013 ஜூனில் மூடப்பட்டது. ஆப்பிளின் கடை இந்தியாவுக்கு வந்து அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது; ஐபாட் விற்பனையோ உலகமெங்கும் இறங்குமுகத்தில் இருந்தது.

தயக்கத்தின் காரணம் பாட்டுதான், பெட்டி அல்ல என்பதற்கு நல்ல அத்தாட்சி நான்கு ஆண்டு கழித்துக் கிடைத்தது. 2017இல் சரிகம நிறுவனம் 'கார்வான்' என்ற பாட்டுப் பெட்டியை விற்பனைக்கு விட்டது. பார்க்கப் பழைய ரேடியோ மாதிரி. உள்ளே 5,000 பழைய பாட்டுகள் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருந்தன. ஆரம்ப விலை 5,990 ரூபாய். இணையம் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். குமிழைத் திருகினால் பாட்டு. பிறகு தமிழ்ப் பெட்டியும் வந்தது. தனக்கென்று ஐபாட் வாங்க யோசித்த அதே தலைமுறை, ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு இதை வாங்கி அனுப்பியது. அந்த நிறுவனம் உரிமை வைத்திருக்கும் பாட்டுகள் மட்டுமே உள்ளே இருக்கும் என்பது குறைதான். அதைச் சரிக்கட்ட எஃப்.எம்., யு.எஸ்.பி. வசதிகளும் இருந்தன. பாட்டு எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குப் பெட்டியிலேயே பதில் இருந்ததால் விற்பனை நடந்தது.

இப்போது பெட்டியே இல்லை. ஐபாட் வரிசையில் கடைசியாக மிஞ்சிய ஐபாட் டச் 2022 மே மாதம் நிறுத்தப்பட்டது. பெங்களூர் ஹெப்பாலில் ஆப்பிள் தன் சொந்தக் கடையைத் திறந்தது 2025 செப்டம்பர் 2 அன்று. ஐபாட் வாங்க ஆசைப்பட்டுக் காத்திருந்தவர் யாராவது இருந்தால், மூன்று ஆண்டு தாமதம்.

ஆனால் கேள்வி செத்துப்போகவில்லை. இன்று பாட்டு செயலிகளில் ஓடுகிறது. மாதச் சந்தா கட்டுகிறவரைதான் முழு உரிமை. கானா செயலி 2022இல் இலவசச் சேவையை நிறுத்தியது. ஏர்டெல்லின் விங்க் மியூசிக் 2024இல் மூடுவதாக அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சேர்த்த பாட்டு வரிசை, நிறுவனத்தின் ஒரு அறிவிப்போடு கையை விட்டுப் போய்விடும். தேய்ந்து இழுத்துப் பாடினாலும் அலமாரியில் கேசட் இருந்தது. அதை யாரும் வந்து எடுத்துக்கொண்டு போகவில்லை.

கண்ணாடிக்கு முன்னால் நின்று யோசித்த பெங்களூர்க்காரரைப் பார்த்து, 'கஞ்சன்', 'புதுமை தெரியாதவர்' என்று விற்பனைப் பிரதிநிதிகள் அன்று நினைத்திருக்கலாம். அவர் மனத்தில் இருந்தவை நியாயமான கேள்விகள்: பாட்டு எங்கே கிடைக்கும், கெட்டுப்போனால் யார் சரிசெய்வார், தங்கைக்குக் கொடுக்க முடியுமா, பத்து வருஷம் கழித்தும் இது என்னிடம் இருக்குமா? சந்தாப் பொத்தானை அழுத்தும் முன் இந்த நான்கையும் ஒருமுறை கேட்டுக்கொள்வது இன்றைக்கும் நஷ்டமில்லை.