தராசும் செங்கோலும்

வியாபாரம் செய்வோர் ராஜீய விவகாரங்களில் ஈடுபடலாமா என்று நம் அன்பர் பலர் வினவுகின்றனர். தாராளமாக ஈடுபடலாம் என்பதே நமது விடை. பண்டம் விளைவிக்கவும், கூலி கொடுக்கவும், கணக்கு வைக்கவும் பழகியவரின் அநுபவம் சட்டசபைக்கு வேண்டாத பொருளன்று. ஆனால் ஒரு நிபந்தனையுண்டு. தம் லாபமும் பொதுஜன நன்மையும் எதிரெதிரே நிற்கும் வேளையில், அவர் தராசிலிருந்து தம் கையை எடுத்துவிட வேண்டும். "தேனெடுத்தவன் புறங்கையை நக்கமாட்டானா?" என்னும் பழமொழியைச் சிலர் சமாதானமாகக் கொள்ளுகின்றனர். நாம் அதை எச்சரிக்கையாகவே கொள்ளுகிறோம்.

ஸர் பிட்டி தியாகராய செட்டியாரின் வாழ்க்கை இவ்விஷயத்தில் நினைக்கத்தக்கது. 1852-இல் பிறந்த அவர் வட சென்னையில் நெசவுத் தொழில் நடத்தியவர். தென்னிந்திய வர்த்தக சபையை 1909-இல் நிறுவியவருள் ஒருவர். சென்னை நகரசபையில் நீண்ட காலம் அங்கத்தினராயிருந்து அதன் தலைவருமானவர். அவர் காலத்து நகரசபைதான் 1920-இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைச் சிறுவர்க்கு மதிய உணவளிக்கத் துணிந்தது. 1916-இல் அவர் நிறுவத் துணைநின்ற கட்சியின் கொள்கைகள் பலவற்றை நாம் ஒப்பியவரல்லோம். ஒத்துழையாமை இயக்கத்தை அக்கட்சி எதிர்த்ததை நாம் மறக்கவுமில்லை. எனினும் உண்மையை மறைப்பது பத்திரிகா தர்மமாகாது. 1920-ஆம் வருஷத் தேர்தலில் அக்கட்சி வென்றபோது, மந்திரிசபை அமைக்குமாறு கவர்னர் வில்லிங்டன் அவரையே அழைத்தார். அவர் அப்பதவியை ஏற்கவில்லை. சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரியானார். செட்டியார் 1925-இல் காலமாகும்வரை கட்சித் தலைவராகவே இருந்தார். கைக்கெட்டிய செங்கோலைத் தொடாது நின்ற வணிகர் இந்நாட்டில் எத்தனை பேர்?

அவர் தறி நடத்திய வட சென்னையிலிருந்து கடலோரமாக மேலும் வடக்கே சென்று, எண்ணூரைக் கடந்தால், பொன்னேரித் தாலூகாவில் காட்டுப்பள்ளி இருக்கின்றது. கிழக்கே கடல், மேற்கே உப்பங்கழி, நடுவே ஒடுங்கிய மணல்மேடு. அங்கே லார்சன் அண்டு டூப்ரோ கம்பெனி அமைத்த துறைமுகத்தை அதானி கம்பெனி 2018-இல் வாங்கியது. வருஷம் 2 கோடியே 46½ லட்சம் டன் சரக்கு என்னும் அளவை 32 கோடி டன்னாக உயர்த்தவும், சுமார் 330 ஏக்கர் துறைமுகத்தை 6,111 ஏக்கராக விரிக்கவும், அதற்காகக் கடலில் ஒரு பகுதியைத் தூர்க்கவும் அக்கம்பெனி திட்டமிட்டது. ஜனங்களின் கருத்தைக் கேட்க 2021 ஜனவரி 22-ஆம் தேதியும், பின்னர் 2023 செப்டம்பர் 5-ஆம் தேதியும் குறிக்கப்பட்டு, இருமுறையும் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. மண்ணும் மீனும் போய்விடுமோ என்று செம்படவ ஜனங்கள் அஞ்சுவதில் வியப்பென்ன?

இத்தகைய காரியத்தில் தீர்ப்புச் சொல்லுவோர் எவ்வளவு சுத்தமான கையுடையவராயிருத்தல் வேண்டும்! நாம் எவர்மீதும் குற்றஞ்சாட்டவில்லை. சட்டம் எவ்வளவு தூரம் காக்கும் என்பதையே ஆராய்கிறோம். 1951-ஆம் வருஷத்து ஜனப் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9-ஏ பிரிவு, சர்க்காருக்குச் சரக்குக் கொடுக்கவோ, சர்க்கார் வேலையை நடத்திக் கொடுக்கவோ தம் வியாபாரத்தில் ஒப்பந்தம் வைத்திருப்பவரைத் தகுதியற்றவராக்குகிறது. நன்று. ஒப்பந்தம் ஒரு கம்பெனியின் பெயரிலிருந்தால்? பெற்றது நிலக்குத்தகையாயிருந்தால்? மைத்துனர் பெயரில் மனை வாங்கியிருந்தால்? சட்டத்தின் கை அவ்வளவு எளிதில் நீளாது. சுப்ரீம் கோர்ட்டு 2002-இல் அளித்த தீர்ப்பின் பயனாக அபேட்சகர்கள் தம் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தருகின்றனர். அதுவும் தேர்தலுக்குத் தேர்தல்தான். இடையே வாங்கியதும் விற்றதும் அதில் ஏறுமா?

சட்டம் தூங்குமிடத்தில் ஜனங்கள் விழித்திருக்க வேண்டும். கடலோரக் குப்பங்களில் உழைக்கும் தொண்டர்களுக்கு நாம் கூறுவது இதுவே: வாக்குக் கேட்டு வருபவர் எக்கட்சியினராயினும் சரி, நம் கட்சியினராயினும் சரி, துறைமுகத்திலோ அதைச் சூழ்ந்த நிலத்திலோ தமக்கும் தம் குடும்பத்துக்கும் பங்குண்டா என்று எழுதித் தருமாறு கேளுங்கள். உண்டெனில், அவ்விஷயம் சபைக்கு வரும்போது விலகி நிற்பதாக வாக்குறுதி வாங்குங்கள். பிரமாணப் பத்திரத்தைக் குப்பத்தார் கூடும் இடத்தில் உரக்க வாசித்துக் காட்டுங்கள்.

இது அம்மக்களுக்குப் புதிய பாடமன்று. பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்னும் முறையொன்று உண்டு. நல்ல மீன்பாடுள்ள இடம் எவருக்கு, எந்நாளில் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பர். வலிய கையும் எளிய கையும் அச்சீட்டுக்கு ஒன்றே. எழுத்தறியாத முன்னோர் ஓர் ஏரிக்கு வகுத்த நியாயத்தை, பட்டம் பெற்ற நாம் ஒரு ராஜ்யத்துக்கு வகுக்கலாகாதா?