அட்டவணையை மனனம் செய்தால் வயர்மேன் ஆகிவிட முடியுமா?

எஸ்.பி.எம். முடித்த கையோடு மின் வயரிங் படிக்கச் செல்லும் நம் இளைஞர்கள் பலர். கைத்தொழிலை மதித்துப் படிக்க முன்வருவது வரவேற்கத்தக்கது. ஆனால், அந்தப் படிப்பில் ஒரு பாடத்தை மட்டும் பல மாணவர்கள் தேர்வுப் புள்ளிகளுக்காக மனனம் செய்துவிட்டுக் கடந்து போகிறார்கள். பச்சை மஞ்சள் நிறத்தில் ஓடும் எர்த் வயரின் அளவைக் கணிப்பதுதான் அந்தப் பாடம்.

ஒரு வீட்டில் லைவ் வயரோ நியூட்ரல் வயரோ அறுந்தால் விளக்கு எரியாது. உடனே வயர்மேனைக் கூப்பிடுவோம். எர்த் வயர் அறுந்தால் எதுவும் நிற்காது. விளக்கு எரியும், ஐஸ் பெட்டி குளிரும், குளியலறையில் சுடுநீரும் வரும். கோளாறு ஏற்படும் நாளில்தான் அந்த வயர் இல்லாதது தெரியவரும். அன்று அந்தக் கருவியைத் தொட்டிருப்பவர் யாரோ ஒருவர். ஆகவே, வீட்டுக்காரரால் கண்டுபிடிக்க முடியாத இந்தக் குறையைத் தடுக்கக்கூடியவர் வயர்மேன் ஒருவர்தான்.

மாணவர்கள் மனனம் செய்யும் விதி இதுதான். லைவ் வயர் 16 சதுர மில்லிமீட்டர் வரை இருந்தால் எர்த் வயரும் அதே அளவு. 16க்கு மேல் 35 வரை என்றால் எர்த் வயர் 16. அதற்கும் மேல் போனால் லைவ் வயரின் பாதி. விதி சரியானதே. ஆனால், ஏன் அப்படி என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டாமா?

எர்த் வயரில் நாள்தோறும் மின்னோட்டம் ஓடுவதில்லை. கோளாறின்போது சில நொடிப்பொழுது மட்டும் பெரிய மின்னோட்டம் பாயும். பிரேக்கர் துண்டிக்கும் வரை அந்தச் சூட்டை வயர் தாங்கினால் போதும். எனவே இரண்டே கேள்விகள்: எத்தனை ஆம்பியர் பாயும்? எவ்வளவு நேரம் பாயும்? மின்னோட்டத்தின் வர்க்கத்தை நேரத்தால் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, வயரின் தன்மைக்குரிய எண்ணால் வகுத்தால் அளவு கிடைத்துவிடும். பிவிசி உறையிட்ட கேபிளுக்குள் இருக்கும் செம்பு வயருக்கு அந்த எண் 115. சூடு 160 பாகை செல்சியஸைத் தாண்டினால் பிவிசி கெட்டுவிடும் என்பதையும் கணக்கில் கொண்டே அந்த எண் வகுக்கப்பட்டுள்ளது.

ஒரு தொழிற்சாலையில் 2,000 ஆம்பியர் கோளாறு மின்னோட்டம் 0.4 வினாடி பாய்வதாக வைத்துக்கொள்வோம். கணக்கு 11 என்று வரும். சந்தையில் அதற்கு அடுத்து எளிதில் கிடைக்கும் அளவு 16. அதே மின்னோட்டத்தை 0.1 வினாடியில் துண்டிக்கும் பிரேக்கர் இருந்தால் 5.5 என வரும்; 6 சதுர மில்லிமீட்டர் போதும். பிரேக்கரின் வேகத்துக்கும் வயரின் பருமனுக்கும் உள்ள உறவு இதில் விளங்கும். அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்கு இது விளங்காது.

தொழிற்சாலையை விட்டு நம் தரை வீடுகளுக்கு வருவோம். இங்கே கதை வேறு. தெனாகா நேஷனல் லைவும் நியூட்ரலும் தருகிறது. எர்த் இணைப்புக்கு வீட்டின் ஓரத்தில் மண்ணில் அடிக்கப்படும் கம்பிதான் துணை. அந்தக் கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே 10 ஓம் தடை இருந்தால், 230 வோல்ட்டில் பாயக்கூடியது ஏறக்குறைய 23 ஆம்பியர் மட்டுமே. 32 ஆம்பியர் எம்சிபி இதைக் கோளாறாகவே எடுத்துக்கொள்ளாது. எவ்வளவு தடித்த எர்த் வயர் போட்டாலும் இதே நிலைதான். இங்கே உயிர் காப்பது ஆர்சிசிபி. அதனால்தான் நம் நாட்டு மின்சார ஒழுங்குமுறைகள் 1994, ஈரத்துக்கு வாய்ப்புள்ள இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்சிசிபி வேண்டும் என்கின்றன. சுடுநீர்க் கருவி உள்ள குளியலறை அப்படிப்பட்ட இடம்.

சிலர் ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்து, "எல்லாம் சரி" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பொத்தான் ஆர்சிசிபியை மட்டுமே சோதிக்கிறது. எர்த் வயரே இல்லாத வீட்டிலும் அது 'டக்'கென்று விழும். எர்த் வயர் முனை முதல் முனை வரை தொடர்கிறதா என்பதை மீட்டர் வைத்துத்தான் அறிய முடியும்.

உலோகக் குழாய்களை எர்த் முனையுடன் சேர்க்கும் பாண்டிங் வயருக்கும் இதே நிலைதான். ஒரு கை கருவியிலும் மறு கை குழாயிலும் இருக்கும்போது, இரண்டுக்கும் இடையே ஆபத்தான மின்னழுத்த வேறுபாடு எழாமல் காப்பதே அதன் வேலை. முதன்மைப் பாண்டிங்கிற்குச் செம்பு வயர் குறைந்தது 6 சதுர மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதன் பயனை அறியாதவர், செலவைக் குறைக்க முதலில் கைவைப்பது அதில்தான்.

பயிற்சி மையங்களுக்கு ஒரு வேண்டுகோள். அட்டவணையைக் கொடுப்பதற்கு முன் கணக்கைப் போட வையுங்கள். கணக்குப் போட்டபின் மீட்டரைக் கையில் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். நேரம் கூடுதலாகும்தான். ஆனால், நாளை எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்று, சோதனை அறிக்கையான போராங் எச்-இல் கையெழுத்திடப் போகிறவர்கள் இவர்களிலிருந்தும் வருவார்கள்.

மாணவர்களே, அந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஒரு குடும்பம் குளியலறைக்குள் நுழைகிறது. அளவு என்ன என்று மட்டும் கேட்காதீர்கள். ஏன் அந்த அளவு என்றும் கேளுங்கள்.