ஒரு கோப்பு, பல படங்கள்

கைபேசியில் ஓர் இணையதளத்தைத் திறந்தால், அதன் பெயருக்கு அருகே சிறு சின்னம் ஒன்று தோன்றுவதைக் கண்டிருப்பீர்கள். ஒரு செயலியில் கூர்மையாகத் தெரியும் அதே சின்னம், மற்றொன்றில் மங்கலாய்க் கலங்கித் தெரிவதும் உண்டு. காரணம் என்ன? நம் பிள்ளைகள் பலர் இன்று மென்பொருள் பயில்கின்றனர். அவர்களோடு அமர்ந்து நாமும் இதனை அறிந்துகொள்வோம்.

இத்தகைய சின்னங்கள் பல, 'ஐகோ' எனும் வகைக் கோப்பில் அடங்கியுள்ளன. விண்டோஸ் கணிப்பொறிகளுக்காக உருவான இம்முறை, 1999இல் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 வாயிலாக இணையதளங்களுக்கும் பரவியது. ஒரே துணியில் வெவ்வேறு வயதுப் பிள்ளைகளுக்குத் தைத்த சட்டைகளை ஒரு பெட்டியில் அடுக்கியதுபோல், ஒரே சின்னம் பல அளவுகளில் இக்கோப்பில் இருக்கும்.

பெட்டியின் மேல் ஒரு பட்டியலும் உண்டு. முதல் 6 பைட்டுகள், இது சின்னக்கோப்பு என்பதையும், உள்ளே எத்தனை படங்கள் என்பதையும் கூறும். அடுத்து, படம் ஒன்றுக்கு 16 பைட்டுகள் வீதம் அதன் அகலம், உயரம், நிறத்திறன், நீளம், இருப்பிடம் ஆகியன குறிக்கப்பட்டிருக்கும். நான்கு படங்கள் இருந்தால் பட்டியல் மட்டும் 70 பைட்டுகள்.

செயலி இப்பட்டியலைப் படித்து, தேவைக்கு ஏற்ற படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 48 புள்ளி அகலம் வேண்டிய இடத்தில், முதலில் அகப்பட்ட 16 புள்ளிப் படத்தை இழுத்துப் பெரிதாக்கினால், ஒவ்வொரு புள்ளியும் ஒன்பது புள்ளிகளின் இடத்தை நிரப்ப வேண்டும். கலக்கத்தின் காரணம் இதுவே.

இங்கே சில நுட்பங்களும் உண்டு. அகலத்திற்கு ஒரே பைட் ஒதுக்கியிருப்பதால் 255க்கு மேல் எழுத இயலாது. ஆகவே 256 என்பதைச் சுழியமாக எழுதுவர். இதனை அறியாத செயலி, சிறந்த படத்தையே வெறுமை என ஒதுக்கிவிடும். பழைய முறைப் படங்களில், எப்பகுதி ஒளிபுகும் என்பதைக் காட்டும் மறைப்பும் சேர்ந்திருப்பதால், படத்தின் தலைப்பகுதியில் உயரம் இருமடங்காகக் காணப்படும். விண்டோஸ் விஸ்டா முதல் 'பிஎன்ஜி' வகைப் படமும் உள்ளே இடம்பெறலாயிற்று. அதன் தொடக்க பைட்டுகளைப் பார்த்தே இனங்காண வேண்டும்.

இவை அனைத்தினும் முக்கியமானது ஒன்று உண்டு. பட்டியல் கூறுவதை அப்படியே நம்பிவிடக் கூடாது. இல்லாத நீளத்தை எழுதிவைத்த கோப்பு, கவனமற்ற செயலியை எல்லை மீறிப் படிக்கத் தூண்டும். சின்னக்கோப்புகளையும் சுட்டிக்குறிக் கோப்புகளையும் விண்டோஸ் கையாண்ட முறையில் இருந்த பிழையை, மைக்ரோசாஃப்ட் 2005 ஜனவரியில் திருத்த நேர்ந்தது. 2007 ஏப்ரலில் அசையும் சுட்டிக்குறிக்காக மீண்டும் திருத்தம் வெளியிட்டது. தீயவர் இத்தகைய கோப்பொன்றின் வழியே பிறர் கணிப்பொறியில் தம் கட்டளைகளை இயக்க முடியும் என்பதே அப்பிழைகளின் ஆபத்து.

ஆகவே, மென்பொருள் பயிலும் செல்வங்களே! இருப்பிடத்தையும் நீளத்தையும் கூட்டி, கோப்பின் மொத்த அளவோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே படத்தைத் திறவுங்கள். பெற்றோரே! பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்போது தள்ளிப்போடாமல் கைபேசியில் ஏற்றுங்கள். சின்னம் சிறிதுதான், அசட்டையால் விளையும் தீங்கோ பெரிது.